ஒரு சாண் தூரத்து ஃப்யூஸ்

செவ்வாய்க்கிழமை காலை நல்லேப்பிள்ளி பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்த வேலாத்தாள் அக்கா, "அந்த ரேடியோக் கடைக்காரர் போயிட்டாருங்களாமா, செகரட்டரி" என்றார். இருபத்தைந்து வருடம் கார்களுக்கு ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் பொருத்திய மனிதர். ஊர் அவரைக் கடைசி வரைக்கும் ரேடியோக் கடைக்காரர் என்றே அழைத்து, அப்படியே அனுப்பியும் வைத்தது. நம் ஊருக்கு இருக்கிற காது அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் அவருடைய அக்கா மகன் செந்தில் போன் செய்தான். கொழிஞ்சாம்பாறையில் நீல விளக்குப் போட்ட கார் ஆடியோ கடை வைத்திருப்பவன். அந்தக் கடைக்குள் போனால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, நம் நெஞ்செலும்பு ஆடுவது மட்டும் தெரியும். மாமாவை நாலு மணிக்கு எடுக்கிறார்கள், முன்னால் தன்னுடைய சவுண்டு ஜீப் போகும், பத்திரிகைக்கு ஊரைப் பற்றி எழுதுகிறவள் என்பதால் ஜீப் மைக்கில் படிக்க நான் இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும் என்றான். நல்லவர், வல்லவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்று வந்தால் போதுமாம்.

நான் எழுதவில்லை. அவர் எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் இல்லை. வாய் கெட்டவர். அதைவிட, போன மாதம்தான் அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "அம்மிணி, என்னைய எடுக்கறன்னிக்கு செந்திலோட சவுண்டுப் பொட்டி முன்னால வரக்கூடாதுங்க. அத மட்டும் பாத்துக்குங்க." சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். ஆகவே அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். காரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. "பொம்பளை ஓட்டற வண்டிக்குப் பாட்டு எதுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இன்னும் நேரம் வரவில்லை. சித்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையிலும் முதல் கேள்வி, "சார் வரலீங்களா?" ஒருவன் ஆம்ப்ளிஃபையர் கேட்டவளுக்கு ரோஸ் நிற சீட் கவர் எடுத்துக் காட்டினான். இன்னொருவன் மூவாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டியை மேஜையில் வைத்து, இதைப் போட்டால் பாலக்காடு வரைக்கும் கேட்கும் என்றான். பாலக்காட்டில் இருக்கிறவர்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

பிறகுதான் லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த நம் ரேடியோக் கடைக்காரர் பொன்னுச்சாமி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு நகைக்கடைக்காரர் மகன் நின்றுகொண்டு, "அண்ணா, நல்லா அடி வேணுமுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நம் பக்கத்துப் பையன்களுக்குப் பாட்டில் ராகம் வேண்டாம், வார்த்தை வேண்டாம், நெஞ்சை உலுக்குகிற அடி வேண்டும். அண்ணன் கையிலிருந்த வயரைச் சீவியபடியே சொன்னார். "அடி வேணும்னா போலீஸ் ஸ்டேசனுக்குப் போங்க. இங்க பாட்டு மட்டும்தானுங்க." ஆளுக்குத் தகுந்த மரியாதை என்பது அந்தக் கடையில் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவு அவமரியாதைதான். நான் அங்கே நின்றது அதற்காகத்தான். சார் வரலீங்களா என்று அவர் கேட்கவில்லை.

மூவாயிரம் வாட்ஸ் என்று நானும் உளறினேன். பொறுமையாகத் திட்டினார். என் வண்டியில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் முக்கி முனகினாலும் எண்ணூறு வாட்ஸ்தான் தரும், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார். என் வேலை என்ன என்று கேட்டார். பால் சொசைட்டி என்றதும்தான் முதல் முறையாக நிமிர்ந்தார்.

"அப்பறம் என்னுங்க, தினமும் பாக்கறவுங்க நீங்க. பொட்டி மேல போட்டிருக்கறது கேன்ல நிக்கற நொரைங்க. ஆர்.எம்.எஸ்.னு ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருப்பான் பாருங்க, அதுதான் பாலு. நாள் பூரா மூச்சு வாங்காமத் தர்ற வாட்ஸ். நொரைய அளந்து யாராச்சும் காசு குடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டேன். நுரையோடு கேனை நிரப்பி வருகிறவர்களை நான் பதினைந்து வருடமாக வாசலிலேயே திருப்பி அனுப்புகிறேன். அந்த ஒரு பேச்சில் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் படித்த மேதாவிகளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் வண்டிக்கு அவர் போட்டது ஒரு சின்ன நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர். இரண்டு சேனல் முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு. மீதி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கனத்த அடிச்சத்தம் மட்டும் தருகிற ஒரே ஒரு எட்டு இஞ்ச் சப்வூஃபருக்கு. அதன் ஆர்.எம்.எஸ்.ஸும் ஆம்ப்ளிஃபையர் தருவதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி பார்த்துப் பொறுக்கினார். பன்னிரண்டு இஞ்ச் போட்டால் என்ன என்று கேட்டேன். "டிக்கியில பால் சாம்பிள் பொட்டி வெக்கோணுமா, பொணப் பொட்டி வெக்கோணுமா?" என்றார். எர்த் வயருக்குப் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் தகரம் தெரிந்த பிறகுதான் போல்ட் போட்டார். பேட்டரியிலிருந்து வரும் வயரில் கையை விரித்து ஒரு சாண் அளந்து, அங்கே ஃப்யூஸை வைத்தார். அந்த ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இல்லாவிட்டால், வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது வண்டியே பற்றிக்கொள்ளும் என்றார். மற்ற எதையும் மறந்தாலும் மன்னிப்பாராம், இந்தச் சாணை மறந்தவன் கடைப் பக்கமே வரக்கூடாதாம்.

கடைசியாக கெயின். ஆம்ப்ளிஃபையரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ரேடியோவிலிருந்து வரும் சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தி வைக்கிற திருகு அது. ஊரில் எல்லோரும் அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி, சப்வூஃபரின் காயிலைக் கருக்கிவிட்டு, கம்பெனி சரியில்லை என்பார்கள். அந்த நகைக்கடைக்காரர் மகனும் அப்படித்தான் கருக்கிக்கொண்டு வந்தான். அண்ணன் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கெயினை வைத்த பிறகு யாரும் தொடக்கூடாது என்று அதன் மேல் ஒரு சொட்டு சிவப்பு நகப்பாலீஷ் வைப்பார். மனைவி போய்ப் பத்து வருடமான மனிதர் கடையில் நகப்பாலீஷ் பாட்டில்! உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? யாரோ ஒருத்தி வந்துபோகிறாள் என்று இரண்டு வருடம் பேசினார்கள். பார்க்கிற பெண்களின் விரல்களை எல்லாம் நோட்டம் விட்டார்கள். அப்படிப் பேசியவர்களின் வண்டி டிக்கியிலேயே அந்தச் சிவப்பு இருந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

செந்திலை வளர்த்ததும் அவர்தான். தொழில் படித்த கையோடு அவன் தனிக் கடை போட்டு, மாமாவிடம் வந்தவர்களுக்கெல்லாம் கேட்ட அடியைக் கொடுத்தான். அண்ணன் கடை காலியானது. அவருக்காக நான்தான் செந்திலிடம் நாலு வார்த்தை சொன்னேன், அவன் சிரித்தான்.

போன மாதம் நெஞ்சு வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவரை என் வண்டியில் ஏற்றி வந்தேன். பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே வந்தவர் டேஷ்போர்டு ஸ்விட்சுக்குக் கையை நீட்டி சப்வூஃபரை மட்டும் அணைத்தார். பாட்டு நின்றுவிடவில்லை. ஆனால் சட்டென்று வண்டி காலியானதுபோல் ஆகிவிட்டது. திரும்பப் போட்டார். "சப்பு இருக்கறது தெரியக் கூடாதுங்க அம்மிணி. அணைச்சாத்தான் தெரியோணும்" என்றார். அதற்கப்புறம்தான் அந்தப் பொட்டி வேண்டாம் என்பதைச் சொன்னார்.

நாலு மணிக்கு முன்னாலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். பந்தல் வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் அவர் தலையைச் சுற்றி மின்னல் வெட்டியது. அவர் கடை வாசலில் நின்று ஒரு தடவை திட்டு வாங்கி ஓடிய வார்டு மெம்பர், "நல்லொரு மனுஷனாயிருந்நு" என்று மலையாளத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செந்திலின் ஜீப் நின்றது. பின்னால் பதினைந்து இஞ்ச்சில் நாலு சப்வூஃபர். செந்திலைத் தனியாகக் கூப்பிட்டு மாமா கேட்டதைச் சொன்னேன்.

"மாமனுக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா அக்கா? நாளைக்கு ஊர் என்ன பேசும்?" என்றான். ஊர் நகப்பாலீஷ் பேசிய ஊர்தானே என்றேன். அவன் கேட்கவில்லை, மாமாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான்.

எடுக்கும்போது ஜீப் அலறியது. பந்தல் தகரம் அதிர்ந்தது, தொழுவத்தில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. பாடைக்குத் தோள் கொடுக்க ஜீப் டிரைவரும் இறங்கிப் போயிருந்தான். பெண்களான எங்களுக்குத் தெருமுக்கு வரைக்கும்தான் அனுமதி. அதற்கப்புறம் என் வாக்கைக் காப்பாற்ற எனக்கு வழி இல்லை. அந்த ஜீப்பின் பானெட்டுக்கு வெளிப்பக்கம்தான் கொக்கி. தட்டித் திறந்தேன். இந்தப் பயல் எங்கே ஃப்யூஸ் வைத்திருக்கப் போகிறான், வயரைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

இருந்தது. பேட்டரியிலிருந்து சரியாக ஒரு சாண் தூரத்தில். என் கையை விரித்தே அளந்து பார்த்தேன்.

மூடியைத் திருகி, அந்தக் கண்ணாடி ஃப்யூஸை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். ஈர வேட்டியும் கையில் கொள்ளிச் சட்டியுமாக செந்தில் வந்தான். காலியான ஃப்யூஸ் மூடியைப் பார்த்தான். என் மூடிய கையைப் பார்த்தான்.

"டேஷ்போர்டுல ஸ்பேர் இருக்குதுங்க அக்கா" என்றான். கண் கலங்கிவிட்டது. பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "வண்டிய ஓரமா உடு" என்றான்.

செருப்புச் சத்தமும் சங்கும் மட்டும் கேட்க அவரைக் கொண்டுபோனார்கள். முக்கில் நின்று, கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். இந்த ஊரைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் திருப்பி எடுக்கவில்லை. செந்திலைப் பற்றி மட்டும் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் பாட்டு ஓடியது. சித்தூர் ரோட்டில் கையை நீட்டி சப்வூஃபரை அணைத்தேன். தெரிந்ததுங்கண்ணா. போய்ட்டு வாங்க.