தாய்மாமன் மடி

சுரங்கத்தில் வெடி வைக்கப் பாறையில் துளை போடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஜம்பர் என்ற இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, அடிக்கு அடி திருப்பிக்கொண்டிருப்பார். மற்றவர் அதன் தலையில் சம்மட்டியை ஓங்கி இறக்குவார். எங்களில் பிடிப்பவர் என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அடிப்பவன் நான். அவர் தலைக்கும் ஜம்பரின் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. களிமண்ணில் ஒட்டிவைத்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பாட்டை இழுத்துக்கொண்டே அடிப்பேன். ஒரு நாளும் கை தப்பியதில்லை.

ஒரு நாள் சம்மட்டியை ஓங்கியபோது அந்த நினைப்பு வந்தது. இதை இவர் மண்டையில் போட்டால்?

அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆரணிப் பக்கம் பட்டினி கிடந்தவனை இந்தத் தங்க வயலுக்குக் கூட்டிவந்து சோறு போட்டவர் அவர். வேண்டாத நினைப்பு வந்தால் மற்றவர்கள் தூ என்று துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நானோ அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். நினைத்தவன் செய்யவும் செய்வானோ என்று என்னையே ஓயாமல் விசாரித்தேன்.

பாட்டு காப்பாற்றும் என்று நம்பினேன். முன்பெல்லாம் நான் பாடியது கையும் மூச்சும் ஒன்றாகப் போவதற்கு. இப்போது நினைப்பை அமுக்குவதற்காக மனசுக்குள் பாடினேன். நடுவில் அது தலைகாட்டிவிட்டால் அந்தப் பாட்டு தீட்டு, முதல் வரியிலிருந்து திரும்பப் பாடவேண்டும். அதுவரை சம்மட்டி இறங்காது. மாமா ஜம்பரைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். கை வலியா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கடைசியில் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கல் அள்ளும் வேலைக்கு மாறிக்கொண்டேன்.

அன்றைக்குக் கிடைத்த நிம்மதி கள் குடித்த மாதிரி இருந்தது. கள்ளைப் போலவே மறுநாள் அது இன்னும் கொஞ்சம் கேட்டது. அக்கா வீட்டில் அரிவாள்மணை பக்கம் உட்காருவதை விட்டேன். அவளுடைய கைக்குழந்தையைத் தூக்குவதை விட்டேன். பிறகு அந்தத் தட்டி வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. ஷிப்ட் முடிந்தால் மாமா ஏறாத கேஜ் கூண்டாகப் பார்த்து மேலே வந்தேன். நான் விலக விலக அவர்களுக்குப் பத்திரம் என்பது என் கணக்கு. இத்தனை தூரம் ஒதுங்குகிறவன் எவ்வளவு கொடியவனாக இருக்கவேண்டும் என்று மனசு திருப்பிக் கேட்டது. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

அந்தச் சமயத்தில் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்த நாளன்று சீர்த்துணியைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்தனுப்பிவிட்டு, பங்காருபேட்டைக்கு ஓடிவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் துணியையே கையில் பிடித்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள். பூதிகோட்டையிலிருந்து வந்த பத்தர் ஊசியோடு காத்திருப்பதாகச் சொன்னாள். காலடியில் தங்கம் வெட்டுகிற எங்களுக்குக் காதில் போட ஒரு பொட்டுத் தங்கம் எங்கிருந்தோதான் வரவேண்டியிருந்தது. அதை நினைத்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

"வர மாட்டியா? கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது? தாய்மாமன் செத்துட்டான்னு சொல்லட்டா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். "கொழந்தைய கொன்னுடுவேனோன்னு பயமா கீதுக்கா. மாமாவையும்."

அவள் அலறி ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஓடவில்லை. நாம் என்ன தப்பு செய்தோம் என்று மாமா தினமும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"வந்து ஒக்காரு. பயந்துக்கினே ஒக்காரு."

குழந்தையை மடியில் வைத்ததும் நினைப்பு வந்தது. அந்தச் சின்னக் கழுத்து என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே பாட்டு தானாக ஓடத் தொடங்கியது, உடனே தீட்டானது, மறுபடி முதலிலிருந்து ஓடியது. தலை அசையாமல் பிடி என்று பத்தர் அதட்டினார். பிள்ளை ஊசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பாவம், அதற்கும் பயம்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே பாட்டை வாய்விட்டு அதன் காதோரம் பாடினேன். நடுவில் நினைப்பு வந்தது. திரும்பத் தொடங்காமல் அடுத்த வரிக்குப் போனேன். அதன் தலையை விடவில்லை. ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு, என் தோளைப் பற்றிக்கொண்டு நெஞ்சில் முகத்தைப் புதைத்தான். பிரிக்கப் பார்த்தார்கள். அவன் விடவில்லை.

அக்கா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. மாமா என்னை வெளியே கூப்பிட்டு, நாளைக்குச் சம்மட்டி தூக்க வருகிறாயா என்று கேட்டார். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை என்றேன்.

"அதையும் இட்டுக்கினு வா மச்சான்."

மறுநாள் அவர் ஜம்பரை ஊன்றிக் குனிந்தார். அவர் பிடரி என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நினைப்பு வந்தது. பாடாமல், கண்ணீர் வழிய வழிய, ஜம்பரின் தலையைப் பார்த்துச் சம்மட்டியை இறக்கினேன். இரும்பில் இரும்பு விழுந்தது. மாமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அடுத்த அடிக்குக் கம்பியைத் திருப்பினார்.