பாயின் மீட்டருக்கு நான் செய்த திருத்தம்

மீட்டரின் அடியில் இருக்கும் அந்தப் பித்தளைக் கால் என் கையால் ஆனது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓசூரில் ஒரு ஓட்டை லேத்தை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கி, முப்பது பேருக்கு வேலை கொடுக்கிற பட்டறைக்கு முதலாளி ஆனேன். வண்டிக் கம்பெனிகளுக்குப் போன என் சரக்கில் ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்லாத நாள் கிடையாது. அப்படிச் சொல்லித் திரிந்ததால் வந்த ஒரு வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பட்டறையின் கழிவு இரும்பை எடுக்கக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பாய் வருவார். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடி வாங்குவது அவருடைய பித்து. ஊரே டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாயிடம் இருந்த கேமராவிலோ வெளிச்சத்தை அளக்க ஒன்றுமே கிடையாது. அதற்காகக் கேமராவின் தலையில் ஒரு மீட்டரைச் செருகி வைத்திருந்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பேட்டரி வேண்டாம்; வெளிச்சம் பட்டால் முள் நகரும். முள் காட்டும் எண்ணைப் பார்த்துக் கேமராவில் லென்ஸின் திறப்பை வைத்துக்கொள்ள வேண்டும். எண் பெரிதானால் திறப்பு சிறிதாகும்.

ஒருநாள் லாரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக அந்த மீட்டரை நீட்டினார்.

"ணா, கால் ஒடிஞ்சு போச்சு. கேமரா மேல நிக்க மாட்டேங்குது. புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க. பத்து நாள்ல வூட்ட இடிக்கறாங்க."

"வூட்ட இடிக்கறதுக்கும் இதுக்கும் என்னா பாய்?"

"தம்பி கேட்டிருக்கான்ணா."

நான்கு வழிச்சாலைக்காக நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாயின் வீடும் அதில் போயிற்று. சவுதியில் பதினான்கு வருடம் வேலை பார்த்த தம்பி கட்டிய வீடு அது. கட்டியவன் அதில் தங்கியது இரண்டே இரண்டு விடுமுறைதான். இந்த முறை அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இடிப்பதற்குள் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து அனுப்பும்படி போனில் அழுதிருக்கிறான்.

"ஸ்டுடியோக்காரனக் கூப்புட்டா ஆச்சு."

"பொம்பளைங்க பொழங்கற வூடுணா. ரூம் ரூமா அவன எப்படி உட்றது? நானே எடுத்துடறன்."

அரை நாளில் கால் தயார். கட்டைவிரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு அளவுக்கருவி கைக்கு வந்தால், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் நான் விடமாட்டேன்.

எங்கள் தொழிலில் எந்த அளவும் கிரானைட் பலகையிலிருந்துதான் தொடங்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மலையில் வெட்டிய கறுப்புக் கல், முடி அளவு மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்தது. என்னிடம் இருந்ததில் சின்னதை மட்ட மத்தியானத்தில் வாசலுக்குத் தூக்கி வரச் சொன்னேன். மீட்டரை அந்தக் கல்லைப் பார்க்க வைத்தேன். பாய் கொடுத்த ஃபிலிம் டப்பியில் வெயிலுக்குப் பதினாறு என்று போட்டிருந்தது. முள் ஆறைக்கூடத் தொடவில்லை. உள்ளே முள்ளை நகர்த்த ஒரு குட்டித் திருகு இருந்தது. திருப்புளியை எடுத்தேன்.

என்னிடம் இருந்த சேலத்து ஃபிட்டருக்கு வாய் சும்மா இருக்காது.

"மொதலாளி, பாய் காலுதான கேட்டாரு? நீங்க எதுக்குத் தலையத் தொடறீங்க?"

"முள்ளு கம்மியாக் காட்டுது, பாருப்பா."

"இத்தன நாளு அவுரு எடுத்த படமெல்லாம் நல்லாத்தான வந்துது?"

"அது ஏதோ குருட்டாம்போக்குல வந்துது. தப்பா அளக்கற கேஜு என் பட்டறைய உட்டு வெளிய போனதா சரித்திரம் உண்டா?"

முள் பதினாறில் வந்து நிற்கும்வரை திருகினேன். பாயிடம் கொடுக்கும்போது, "மொத்தமா சரி பண்ணிட்டன். இனி கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றேன். "நீங்க தொட்டா அப்பீல் ஏதுணா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டை இடித்து இரண்டு வாரம் கழித்து வந்தார். அன்று கழிவு எடுக்க லாரி வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். மூன்று ரோல் நெகட்டிவ். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வீட்டின் முன்பக்கம் மட்டும் புகைபோல் தெரிந்தது. அறைகளெல்லாம் வெறும் கண்ணாடி, ஒரு கோடுகூட விழவில்லை.

"என்னா தப்பு பண்ணன்னே தெரியலணா," என்றார்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. "மீட்டர நேராப் புடிச்சிருக்க மாட்டீங்க பாய். அவசரப்பட்டிருப்பீங்க. இதுக்கெல்லாம் ஒரு நிதானம் வேணும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேமராவை மீட்டரோடு என் மேசைமேல் வைத்தார். "எனக்கு இது ஒத்து வராதுணா. நீங்களே வெச்சிக்கிங்க." சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதில் நானும் ஒரு ரோல் எடுத்தேன். ராயக்கோட்டைக் கோட்டை, தக்காளி மண்டி, என் பட்டறை. கோட்டை மட்டும் புகைபோல் தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி. அப்போதுதான் மீட்டரைத் திரும்பப் பார்க்கத் தோன்றியது. பெங்களூரில் கேமரா ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் மீட்டரைக் கொண்டு போனேன். மூடியைத் திறந்ததுமே கேட்டார்.

"இத யாரு நோண்டுனது?"

கிரானைட் விஷயத்தை யாரோ செய்ததுபோலச் சொன்னேன். அவர் சிரித்தார். "கறுப்புக் கல்ல வெச்சா பாத்தான்? இதுக்கு கறுப்பு வெள்ளை தெரியாது சாமி. எதக் காட்டுனாலும் அது நடுவாந்தர நெறம்னுதான் நெனைக்கும். கறுப்பக் காட்டுனா வெளிச்சம் கம்மின்னு சொல்லும், அது நியாயந்தானே? அந்த ஆளு நல்ல முள்ள ஏத்தி வெச்சிட்டான். தொறப்பு சின்னதாகி ஃபிலிமுக்கு வெளிச்சமே எட்டாது. ரூமுக்குள்ள இன்னும் மோசமாக் காட்டும். எந்த முட்டாள் அது?"

"தெரியலீங்க. வாங்கும்போதே இப்படித்தான்" என்றேன்.

கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரப் பயணம். பாயின் வீட்டுக்குப் போக எனக்கு நான்கு மாதம் ஆனது. போனபோது வாடகை வீட்டில் தம்பியும் இருந்தான், விடுப்பில் வந்திருந்தான். என்னை உட்கார வைத்துவிட்டு அண்ணனைச் சீண்டினான்.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட இவரு மூணு ரோலு வெறும் பிளாஸ்டிக்கா அனுப்புனாரு."

பாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. நான் நேராகச் சொல்லிவிட்டேன். கல், திருகு, பெங்களூர்ப் பெரியவர், எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுது, பாய். உங்க கையில ஒண்ணும் இல்ல."

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, எப்படிப்பட்ட மனுசன்னு? தம்பி முன்னால என் மானத்தக் காப்பாத்தணும்னு தன் மேல போட்டுக்கறாரு. ணா, உங்க கை தப்பு பண்ணுமா? இருவது வருசமா உங்க பட்டறைக்கு வரன். ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கா?"

"நெசமாத்தான் பாய்..."

"உடுங்கணா," என்றான் தம்பி. "பெரிய மனசு உங்களுக்கு." உள்ளே பார்த்து இன்னொரு டீ சொன்னான்.

இன்னும் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். மீட்டரைக் கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். டீயை வாங்கிக் குடித்தேன்.

பேச்சு வீட்டைப் பற்றிப் போயிற்று. பின்கட்டு அறைக்குத் தான் வாங்கி அனுப்பிய பெயின்ட் பச்சை என்றான் தம்பி. பாய் நீலம் என்றார். பச்சைதான், எனக்குத் தெரியாதா என்று அவன். அங்கே படுத்தவன் நான் என்று இவர். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க எத்தனையோ தரம் வந்திருக்கீங்களே. பச்சையா, நீலமா, சொல்லுங்கணா."

அந்த வீட்டில், அந்தப் பின்கட்டு அறையிலேயே உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். ஞாபகம் இல்லை என்றேன்.