ஒட்டுப்போட்ட பிளாடர்

மகனுக்குப் பந்து வாங்கப் போன கடையில், தோல் பந்தொன்றைக் கண்மூடி முகர்ந்தபடி நின்று கடைக்காரரைக் கலவரப்படுத்தினேன். அந்த வாசனைக்குள் கெடிலக்கரை மைதானம் இருந்தது. யுத்தகாலத்தில் ரப்பர் கிடைக்காது, எங்கள் கடலூர் கிளப்பின் பந்துக்குள் காற்றடைக்க இருந்தது ஒட்டுப்போட்ட ஒரே ரப்பர் பிளாடர், அது வெடித்தால் கிளப்பையே மூட வேண்டியதுதான் என்பதால், சிதம்பரத்தாரோடு ஆடிய கோப்பை ஆட்டத்தில் ஊரே பதறிப்போய், "மெதுவா உதைடா!" என்று எங்கள் ஆட்களையே அதட்டிக்கொண்டிருந்தது. கோலுக்குப் பின்னால் கருவேல முள்வேலி. டிராவானாலே கோப்பை எங்களுக்கு. கடைசி நிமிஷத்தில் சிதம்பரத்துக்காரன் உதைத்த பந்து உயர எழும்பி வந்தது. மேலே தட்டிவிட்டால் கோப்பை கிடைக்கும், பந்து முள்ளில் விழும். எங்கள் கோல்கீப்பர் காசிம் பாய் கையை இறக்கிக்கொண்டார்.

தோற்று நின்ற கேப்டனிடம் அவர் சொன்னார்: "வலையிலதானே வுழுந்துச்சு மச்சான், முள்ளுல வுழலியே."