அவரைக்கொடியைத் துடைத்தவன்

சானமாவு அருகே அவரைத் தோட்டங்களில் துரு நோயைக் கணக்கெடுக்கத் தனியாக வந்திருக்கிறேன். இலையைத் திருப்பியதும் காப்பித்தூள் நிறத்தில் பொடி விரலில் ஒட்டியது.

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் பின்னாலும் ஓர் அவரைக்கொடி இருந்தது. அம்மாவும் அப்பாவும் கம்பெனிக்குப் போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை அதுதான். இதே பொடி அதில் படர்ந்தபோது அழுக்கென்று நினைத்து, ஈரத்துணியால் தினமும் இலை இலையாகத் துடைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, "நல்லா தொடச்சிருக்க கண்ணு" என்றாள்.

சில வாரங்களில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கொடி நின்றது. "வெயிலு தாங்கல, வுடு" என்றாள்.

என் துணிதான் நோயை இலைக்கு இலை கொண்டுபோனது என்பது கல்லூரியில்தான் புரிந்தது. அதை அம்மாவிடம் சொல்லலாமென்றால் அவள் இப்போது இல்லை.

அடுத்த கொடியைத் தொடுமுன் கையை இரண்டு முறை கழுவிக்கொள்கிறேன்.