வசந்தா அக்கா பறந்த மதியம்

இல்லை, உடனே அழுகை வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மஸ்கட்டிலிருந்து ரஹ்மத் அண்ணனின் குரல்பதிவு வந்தது. "நித்யாம்மா, நம்ம வசந்தா சிஸ்டர் மவுத்தாயிட்டாங்க. டூட்டில தலைவலின்னு உட்காந்தவங்கதான்." இன்னொரு முறை கேட்டேன். கடைக்காரர் எத்தனை காப்பி என்றார். சொன்னேன்.

சில நாள் கழித்து உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தது. சரக்குப் பிரிவில் அக்காவின் தம்பி செந்தில் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் குடவாசல் தாண்டி ஊருக்குப் போனது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள்.

அக்காவைத் தெரிந்த உங்களில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒவ்வொரு ஆள். ஊரில் இருப்பவர்களுக்கு, கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து முதலில் நர்சிங் படித்தவர். மஸ்கட் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு வார்டு சிஸ்டர். ஊர் திரும்புவதற்கு முன் நான் அங்கே காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அந்த அறையில் இருந்தவரை மட்டுமே எனக்குத் தெரியும்.

குறைவாகப் பேசுவார். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, மாடிக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று செந்தில் படங்கள் அனுப்பினார். அக்கா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்: "அதுல நடக்கப்போறவங்களைக் கேளுடா." குரலில் கோபம் இல்லை.

ஒரு பெருநாள் விடுமுறையில் ஜார்ஜியாவுக்குப் போகலாம் என்று ரஹ்மத் அண்ணன் ஆள் சேர்த்தார். முத்துப்பேட்டைக்காரர். மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தார். வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்டு விசா சுலபம். வழிகாட்டி, வேன், மலை, கடைசி நாள் பாராகிளைடிங். அக்கா வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஏன் என்று அறையில் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஏறுன பிளேன் எல்லாம் ஒண்ணு வேலைக்கு, இல்லன்னா சாவுக்கு. சும்மா ஒரு தடவ மேல போய்ட்டு வரணும்."

மலைச்சரிவில் புல். தூரத்தில் பனி. எங்கள் ஊர்களில் உயரம் என்றால் தண்ணீர் டேங்க். அதில் ஏறினாலும் வயல்தான் தெரியும். மற்றவர்கள் காலையிலேயே பறந்துவிட்டார்கள். அக்காவும் நானும் மிச்சம். ரஹ்மத் அண்ணன் பறக்க மறுத்து எல்லோருடைய பைகளையும் தோளில் மாட்டியிருந்தார்.

"நானும் முத்துப்பேட்டைல காத்தாடி விட்டவன்தான். ஆளையே விடுறத இங்கதான் பாக்குறேன். சிஸ்டர், மேல போய் நாடி பாக்குறேன்னு ஓட்டுறவன் கையப் பிடிச்சிடாதீங்க, விட்ருவான்."

"உங்களுக்கு பயம்னா பயம்னு சொல்லுங்க பாய்."

"பயமேதான். யாரு இல்லன்னா?"

விமானியின் பெயர் கியோர்கி. பயணி முன்னால், அவர் பின்னால், இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டு. மேலே துணி இறக்கை. வழிகாட்டி ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: சரிவில் கீழ்நோக்கி ஓட வேண்டும், என்ன ஆனாலும் உட்காரக் கூடாது. அக்கா தலையாட்டினார். ஓடினார். சில அடிகளில் ஈரப்புல்லில் கால் வழுக்கியது. உட்கார்ந்துவிட்டார். கியோர்கி அவர்மேல் சரிந்து, இறக்கை பக்கவாட்டில் விழுந்து, இருவரும் கயிறுகளுக்குள் கிடந்தார்கள். கியோர்கி தன் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்கா எழுந்து மண்ணைத் தட்டினார். என்னிடம் மட்டும் சொன்னார்: "வரப்புல பழகுன காலு. தலையில நாத்துக்கட்டு இருக்கும்போது வழுக்குனா உட்காந்துடணும். விழுந்தா நாத்து போயிடும்."

அடுத்தது என் முறை. அக்காவின் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கியோர்கி எனக்குப் போட்டு மோவாய்க்குக் கீழே பூட்டினார். பிறகு மலையின் மறுபக்கம் பார்த்தார். மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டி வந்து சொன்னார், இன்னும் ஒரே ஒரு முறைதான். மறுநாள் எங்களுக்கு விமானம்.

அக்காவைத் தெரிந்த எவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். இரண்டு தங்கைகளின் கல்யாணம், தம்பியின் படிப்பு, வீடு. அவர் விட்டுக்கொடுக்கிறவர். ரஹ்மத் அண்ணன் அதை அவருக்காகவே சொல்லிவிட்டார்.

"விடுங்க சிஸ்டர். நீங்கதான் ஒரு தடவ ஓடிப் பாத்துட்டீங்கல்ல. சின்னப் புள்ள போகட்டும்."

"எதுக்கு?" என்றார் அக்கா.

அண்ணன் பைகளைத் தோள் மாற்றினார்.

"அவளுக்கு வயசிருக்கு பாய். அப்பறமா வருவா. நான் வரமாட்டேன்."

என் எதிரே வந்து நின்று, மோவாய்க்குக் கீழே கைவிட்டுப் பூட்டைக் கழற்றினார். நோயாளியின் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுப்பதுபோல, தோல் இழுபடாமல். என் முகத்தைப் பார்த்தார். "கோச்சிக்கிட்டா கோச்சிக்க," என்றார். கோபமாகத்தான் இருந்தேன்.

இந்த முறை அவர் உட்காரவில்லை. கால் ஒருமுறை வழுக்கியது, பார்த்தேன். உடம்பு பின்னால் சாயப் போய், நின்று, முன்னால் குனிந்தது. தரை முடிந்த பிறகும் கால்கள் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. "போதும் சிஸ்டர், நிறுத்துங்க," என்று ரஹ்மத் அண்ணன் கத்தினார். சிரித்தார். பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் வேனில் கீழே இறங்கியபோது அக்கா புல்லில் கால் நீட்டி அமர்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் சின்னத்தனம் என்பதால் கேட்டேன்.

"ஒண்ணும் தோணல நித்யா. யாரு ஞாபகமும் வரல."

வழிகாட்டி எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பட்டுமா என்றார் அண்ணன். "வேணாம் பாய். இது அவங்களுக்கு இல்ல."

பதினாறாம் நாள் ஊரில் படத்திறப்பு. சீருடையில் எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாதவர். அன்பில்தான் சொன்னார்கள். அந்த வாக்கியத்தில் அவர் மறுபடி செலவாகிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. செந்தில் வந்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

மேலே எழுதியதைச் சொன்னேன். ஒருமுறை எடுத்துக்கொண்டார், என்னுடையதை எடுத்துக்கொண்டார் என்றேன். முன்வரிசையில் அவருடைய அம்மா, "ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடினாங்கம்மா என்றேன். "கீழ விழலையே?" இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்: "எதுக்கு?" அவருடைய உழைப்பையும் பொறுமையையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுக்குக் கொடுத்தவை.

இலை போட்டார்கள். சாப்பிட்டேன். பிறகு குடவாசல் வந்து கும்பகோணம் பஸ் ஏறினேன்.