சகாயசெல்வியின் இடுப்பு மஜ்ஜை

என் மதினி சகாயசெல்வியை எங்கள் முட்டம் கடற்கரையில் எந்த மீன் வியாபாரியும் ஏமாற்றியதில்லை. மேலே இன்றைய சாளை, ஐஸுக்கு அடியில் நேற்றைய சாளை என்று கலந்து கொடுத்தால் கூடையை அங்கேயே கவிழ்த்துவிடுவாள். அப்புறம் வாயைத் திறப்பாள் பாருங்கள், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்! மாதாவைத் தவிர யாரையும் நம்பாத பொம்பளை.

சந்தையில் மீன் விற்கக் கூடை சுமந்தே அவள் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோனது. சந்தைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்து எல்லாரையும் கடித்துக் குதறினாள். 2012இல் நான்தான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைச் சென்னையில் வளர்த்து, முழங்காலில் வைப்பதாக டாக்டர் ஆன்ஸ்லின் சொன்னார். புதுக் குருத்து வளரலாமாம்.

“வளரலாமா, வளருமா?” என்றாள் மதினி.

“உறுதி சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருக்கு.”

“அங்க மத்தவங்களுக்க மஜ்ஜையும் வருமா?”

“வரும். பேர் ஒட்டியிருக்கும், கலக்காது.”

“ஐஸ்ல போறது கலக்கும் சாரே. நான் பாக்காததா?”

ஆனாலும் சம்மதித்தாள். மறுபடி நடந்து சந்தைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மஜ்ஜை எடுத்தார்கள். நர்ஸ் குழாயைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அது போதாதா இவளுக்கு! எங்கள் ஊர்ப் பெண்கள் டெம்போவில் கூடை ஏற்றும்போது அவரவர் அடையாளத் துணியைக் கட்டிவிடுவார்கள். மதினியுடையது சிவப்பு. கைக்குள் பொத்திக் கொண்டுவந்திருந்த துணியைக் குழாயில் கட்டினாள். முடிச்சு வழுக்காமல் நிற்க மூடியை லேசாகத் திருகித் திறந்து, துணி நுனியை அதற்கடியில் செருகிவிட்டாள்.

நர்ஸ் போட்ட சத்தத்தில் நான் உள்ளே ஓடினேன். மூடி திறந்தால் கிருமி உள்ளே போய்விடுமாம், இனி கொட்டத்தான் வேண்டுமாம்.

“அடப்பாவி, எனக்க மஜ்ஜையை நானே கெடுத்துட்டனே!” என்று அழுதாள். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. இன்னொரு நாள் மறுபக்க இடுப்பில் எடுக்கலாம் என்றார்.

“எடுங்க. ஆனா பெட்டி போற வண்டியில நானும் ஏறுவேன்.”

“அது பிளேன்ல போகுதும்மா.”

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காதருகே குனிந்தாள்.

“ஏட்டி குளோரி, நொண்டி நடக்கவள பிளேன்ல ஏத்துவாவளா?”