ஃபைபர் படகின் தேக்குச் சட்டம்

அன்றைக்கு ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் இருந்தது ஐந்து பேர். படகுக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர், அவருடைய டிரைவர், துடுப்புப் போட வந்த பரிசல்காரர், பட்டறையில் என்னோடு வேலை செய்கிற மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, அப்புறம் நான். யார் யாருக்கு நீந்தத் தெரியும் என்று வந்ததுமே விசாரித்து வைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும்தான் தெரியாது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மரத்தைத் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. எண்பத்தி மூன்றோ நாலோ இருக்கும், பண்ணைக்காரர் ஒரு பழைய ஃபைபர் படகை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். ஏதோ எஸ்டேட்டில் கிடந்ததாம். படகின் ஃபைபர் ஓடு நன்றாகவே இருந்தது. விளிம்பைச் சுற்றி ஓடிய தேக்குச் சட்டம்தான் வெயிலில் கறுத்து, பழைய வார்னிஷ் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது.

சட்டத்தைக் கழற்றிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். மக்கிப்போன இடத்தை அறுத்துவிட்டு வேறு தேக்கு சேர்த்தேன். திரும்ப மாட்டும்போது மாப்பிள்ளை லாரி போல்ட்டு என்கிற நினைப்பில் முறுக்கிவிட்டான். ஓட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். பிசின் வாங்கி உள்பக்கம் ஒட்டுப் போட்டு, பண்ணைக்காரரிடமும் சொன்னேன். "விளிம்புலதானுங்க இருக்குது, அங்க எங்க தண்ணி வருது?" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டெலிவரிக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு கை பெயிண்ட் ஓட்டுவது பட்டறை வழக்கம். வண்டி பளபளவென்று போய் நிற்க வேண்டும். படகின் சட்டத்துக்கும் அப்படியே வார்னிஷ் ஓட்டினேன். விரிசல் பக்கம் மனசு கேட்காமல் தடிப்பாகவே ஓட்டினேன். லாரிக்கு அடிக்கிற பெயிண்ட் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். இது படகு வார்னிஷ். ஐப்பசி ஈரம் வேறு.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாடி கட்டியவன் முதல் நடையில் ஏறியாக வேண்டும். அது பண்ணைக்காரருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் ஆற்றில் படகை இறக்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏறுங்க மேஸ்திரி. லாரின்னா மொத ஆளா ஏறுவீங்கல்ல?"

"அது ரோட்டுல போறதுங்க ஐயா."

"ரோட்டுலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டேதான வருவீங்க மச்சா?" என்றான் மாப்பிள்ளை. டிரைவர் சிரித்தேவிட்டார்.

ஏறினேன். அணையில் தேங்கிய தண்ணீர், அலையே இல்லை. விரிசல் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒட்டுப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் பண்ணைக்காரர் வேண்டுமென்றே என் பக்கம் வந்து உட்கார்ந்தார். படகு சாய்ந்து, தண்ணீர் சட்டத்தைத் தொட்டது. ஒட்டில் ஒரு சொட்டு இல்லை.

கரையில் இறங்கிக் கையை எடுத்த பிறகுதான் விரலெல்லாம் பிசுபிசுப்பது தெரிந்தது. தேக்கில் பத்து விரலும் பதிந்திருந்தன. பண்ணைக்காரர் குனிந்து பார்த்தார்.

"தண்ணி வரலீங்க, வேலை சுத்தம். ஆனா ஊட்ல இது ஆரு கையின்னு கேப்பாங்களே?"

"காஞ்சதும் தேச்சு, மறுக்கா ஓட்டித் தாரேனுங்க."

"சரி, கூலியில மிச்சத்த அன்னிக்கு வாங்கிக்குங்க."

பத்து நாள் கழித்து உப்புத்தாளோடு போனேன். "அட, அழிக்காதீங்க சாமி," என்றார். "பசங்க அதுல கைய வெச்சுத்தான் படகுல குந்துறாங்க. அவுங்களுக்குப் பயமில்லியாம்."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தேய்க்காத வேலைக்கு எப்படிப் பணம் கேட்பது? அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாக்கி நூற்றி எண்பது ரூபாய்.